குஞ்சிதபாதம் சொல்லாத சொல்

நீலாயதாட்சி வாழ்க்கைப்பட்டு வந்தது அம்பகரத்தூருக்குப் பக்கத்தில், ஏரிக்குக் கீழே இருக்கிற ஒரு சின்ன ஊருக்கு. புருஷன் குஞ்சிதபாதம் அதிகம் பேசாதவர். ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலம், இரண்டு மாடு, சுகிர்தா என்று ஒரே பெண். நாற்று விடுவதிலிருந்து நெல்லை வியாபாரிக்குப் போடுவது வரை முடிவு செய்கிறவள் நீலாயதாட்சிதான். யார் எது கேட்டாலும் "அவகிட்ட கேட்டுக்குங்க" என்பார் குஞ்சிதபாதம். ஊரில் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அந்த வருஷம் ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவில்லை. ஐப்பசியில் பெய்த மழைக்கு ஏரி பாதிக்கு மேல் நிரம்பியது. அதோடு மழை நின்றுபோனது. சம்பாப் பயிர் முழுக்க அந்த ஏரியை நம்பித்தான் நின்றது. கடற்கரைப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். மண்டபத்தூருக்குப் போகிற வழியில் இருந்த குடியிருப்புகளில் போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டது. சோறு ஆக்கினால் கரித்தது. சின்னக் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. ஏரியில் மோட்டார் போட்டு, டேங்கர் லாரிகளில் அங்கே தண்ணீர் கொண்டுபோவதென்று அதிகாரிகள் முடிவெடுத்தார்கள். மார்கழியில், பயிர் கதிர் வாங்குகிற சமயத்தில் மோட்டார் ஓட ஆரம்பித்தது.

ஏரிப் பாசன விவசாயிகள் சங்கம் லாரிகளை மறிக்கப்போவதாக அறிவித்தது. சங்கத் தலைவன் ஹரிஹரன் குஞ்சிதபாதத்துக்குச் சித்தப்பா மகன். வீட்டுக்கு ஒரு ஆள் கட்டாயம் வரவேண்டும் என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"போயித் தலையக் காட்டிட்டு வந்துடுறேன்" என்று குஞ்சிதபாதம் சட்டையை மாட்டினார்.

"ரெண்டு இட்லி சாப்புட்டுட்டுப் போங்களேன்."

"வந்து சாப்புடுறேன்."

ஏரிக்கரைச் சாலையில் இரண்டு லாரிகளை நிறுத்திவிட்டார்கள். செய்தி தெரிந்து கடற்கரைப் பெண்கள் காலிக் குடங்களோடு ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். இந்தப் பக்கம் கொடி, அந்தப் பக்கம் குடம். உச்சி வெயில் வரை கூச்சல் ஓயவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த குஞ்சிதபாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

யாரோ ஓடிவந்து சொல்ல, நீலாயதாட்சி வயலிலிருந்து சேற்றுக் காலோடு போனாள். லாரி நிழலில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் மடியில் அவர் தலை இருந்தது. அந்தப் பெண் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றி அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வழியிலேயே உயிர் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

நீலாயதாட்சிக்கு அழுகை வரவில்லை. பெண்கள் கட்டிக்கொண்டு மாரடித்தபோது, தோளில் விழுகிற அவர்கள் கைகளின் கனம் மட்டும் தெரிந்தது. "அழுதுடுடி, நெஞ்சுல அடைச்சுக்கும்" என்றார்கள். அவள் தலையாட்டினாள். மாட்டுக்கு யாராவது வைக்கோல் போட்டார்களா என்று கேட்டாள். புதுச்சேரியில் வேலையிலிருந்த சுகிர்தா வந்து காலைப் பிடித்துக்கொண்டு கதறியபோது மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். தடவுகிற கை வேறு யாருடையதோ போலிருந்தது.

மறுநாளே சங்கத்தின் ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. சுகிர்தா பட்டம் வாங்கிய அன்று எடுத்த படத்தில் அவரை மட்டும் வெட்டியெடுத்து, ஆள் உயரத்துக்குப் போட்டிருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில்: "ஒரு சொட்டு விடாதீங்கடா!" அதன்கீழ், இதுவே அவரது கடைசி வார்த்தை என்று இருந்தது. பெற்ற பிள்ளையைக்கூட 'வாங்க, போங்க' என்று கூப்பிட்ட மனுஷன். நீலாயதாட்சி அதைப் படித்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் ஒரு காலையில், அவர் தலையை மடியில் வைத்திருந்த அந்தப் பெண் வந்தாள். பெயர் லூர்தம்மாள், கருவாடு விற்கிறவள். வாசலோடு நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளை அடையாளம் கண்டு முணுமுணுத்தார்கள்.

"வரலாமான்னு தெரியல தங்கச்சி. ராத்திரியெல்லாம் அவரு மொகமே வருது. கோயில்ல அவருக்காக வேண்டிக்கிட்டேன். உங்கள ஒரு தரம் பாத்துட்டுப் போவலாம்னுதான்..."

"உள்ள வாங்க."

இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நீலாயதாட்சி கேட்டாள்: "அவுங்க எதாச்சும் சொன்னாங்களா?"

லூர்தம்மாள் யோசிக்கவே இல்லை. "ஒண்ணும் சொல்லல. என் கையக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டாரு. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் புடி தளந்துச்சு. பொய் சொல்லக்கூடாது தங்கச்சி, ஒரு வார்த்த பேசல."

"சரி" என்றாள் நீலாயதாட்சி. காப்பி போட்டுக் கொடுத்தாள்.

தை பிறந்ததும் பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வந்தது. "அண்ணி, நீங்க வந்து உக்காந்தா போதும், பேச வேண்டியத நான் பேசிக்கிறேன்" என்று ஹரிஹரன் காரில் கூட்டிக்கொண்டு போனான். காரைக்காலில் அதிகாரியின் அலுவலகத்தில், நீள மேசையின் ஒரு பக்கம் சங்கத்துக்காரர்கள், எதிரே கடற்கரை ஆட்கள். லூர்தம்மாளும் இருந்தாள்.

ஹரிஹரன் நன்றாகப் பேசினான். கருகுகிற பயிரைச் சொன்னபோது அவன் குரல் உண்மையிலேயே உடைந்தது. கடைசியில், "எங்கண்ணன் உசுரு போறப்ப ஒரு சொட்டு விடாதீங்கடான்னு சொல்லிட்டுப் போனாரு. அதுக்கு மேல நாங்க எறங்கி வர முடியாதுங்க" என்று நிறுத்தினான்.

அதிகாரி நீலாயதாட்சியைப் பார்த்தார். "அம்மா, நீங்க எதாவது சொல்றீங்களா?"

எதையும் சொல்லவேண்டும் என்று நினைத்து அவள் வரவில்லை. "அவுங்க ஒண்ணும் சொல்லலீங்க" என்றாள்.

"அண்ணி..." என்றான் ஹரிஹரன்.

"சொல்லல ஹரி. தலையக் காட்டிட்டு வரேன்னு வந்தாங்க. பசியோட வந்தாங்க. வயலுக்கும் தண்ணி வேணுந்தான், பயிரு வாடிக் கெடக்கு. அதச் சொல்லிக் கேளு. அவுங்கள வுட்டுடு."

குரல் உயரவில்லை. விலை விசாரிக்கிறவள் போலத்தான் சொன்னாள். அதன்பிறகு பேச்சு கணக்குவழக்குக்குத் திரும்பியது. சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மதகை முறை வைத்துத் திறப்பது, லாரிகள் முன்பு எடுத்ததில் பாதிதான் எடுக்கும். இரண்டு பக்கத்துக்கும் அது போதவில்லை. இரண்டு பக்கமும் திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டன.

ஹரிஹரன் அவளைக் காரில் ஏறச் சொல்லவில்லை. அவள் பஸ்ஸில் வந்தாள். அதற்குப் பிறகு சங்கத்து வீடுகளிலிருந்து பேச்சு நின்றது. ஃப்ளெக்ஸை யார் எப்போது கழற்றினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. "எங்கூட வந்துடும்மா" என்று சுகிர்தா தினமும் போனில் சொன்னாள். "அறுப்பு முடியட்டும்" என்று இவளும் தினமும் சொன்னாள்.

மேட்டு வயல் காய்ந்துபோனது. பள்ளத்து வயலில் பாதிக்குப் பாதி தேறியது. அறுப்புக்கு முந்தின வாரம், மண் இன்னும் கொஞ்சம் மெத்தென்று இருக்கும்போதே உளுந்து விதைக்க இறங்கினாள். நிற்கிற நெல்லுக்கு நடுவே வீசிவிட்டால் போதும். மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது முளைத்துக்கொள்ளும், ஏரியைக் கேட்காது. மற்ற வருஷங்களில் அவர் வீச, அவள் பின்னால் கூடையோடு வருவாள். இப்போது கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தானே வீசினாள்.

வரப்பில் போன பக்கத்து வயல் சொர்ணாம்பாள் நின்றாள். பல நாள் கழித்து அவளாகப் பேச்சுக் கொடுத்தாள். "தனியாவா தெளிக்கிறே?"

"ஆமா."

"நான் வரவா?"

நீலாயதாட்சி கொஞ்சம் யோசித்தாள். வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. "அந்தக் கோடிலேர்ந்து வா" என்றாள். சொர்ணாம்பாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள்.