தெல்மா ஓக்டனின் பென்சில்

தெல்மா ஓக்டன் பென்சில் சீவும்போது யாரும் பேசக்கூடாது. காய் நறுக்கும் சின்னக் கத்தியால், சுருள் அறுந்துவிடாமல், தேநீர்க் கோப்பையின் தட்டில் விழும்படி சீவுவார். சுருள் முழுசாக விழுந்தால் அது நல்ல வியாழக்கிழமை. அறுந்தால் மால்கம் தும்மியதால்தான் என்று பழி போடுவார். மால்கம் தும்மியிருக்கவே மாட்டார்.

ஹெஸ்லி கிளப்பின் ஜன்னலோர மேஜையில் வியாழன்தோறும் காலை பதினோரு மணிக்குக் கூடும் நாங்கள் எல்லோரும் ஸ்பீட்வே பார்த்துக் கெட்டுப்போனவர்கள். மண் தடத்தில் நான்கு மோட்டார் சைக்கிள்கள் இடப்பக்கமாகவே சறுக்கிச் சறுக்கி நான்கு சுற்று ஓடும். வண்டிக்கு பிரேக் கிடையாது. ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி ஐம்பது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், இன்னும் பேச்சு தீரவில்லை.

எங்கள் ஹெஸ்லி நாரைகள் அணி ஓடிய மைதானத்தில் இப்போது மெத்தை விற்கிறார்கள். தெல்மாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வளைவு இருந்த இடம் எது என்று காலடியால் அளந்து, அங்கே கிடந்த மெத்தையையே வாங்கிவந்தார். படுத்ததும் தூங்கிவிடுகிறாராம். வயது எண்பத்தொன்று. செருப்புத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் தோல் தைத்தவர், ஒரு தையல் கோணினாலும் கண்ணில் படும். அவருடைய மேலங்கியில் நூற்றுப் பன்னிரண்டு பேட்ஜ்கள் குத்தியிருக்கும். அதை மாட்டினால் நாற்காலி பின்னுக்குச் சாய்கிறது.

பந்தயத்தில் முதலில் வந்தால் மூன்று புள்ளி, அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று, கடைசி ஆளுக்குப் பூஜ்யம். தெல்மா அதை எங்களுக்கும் வைத்துவிட்டார். மேஜைக்கு யார் எந்த வரிசையில் வந்து சேர்கிறார்கள் என்று ஒரு நோட்டில் புள்ளி போடுவார். மால்கம் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. அவர் பெயருக்கு எதிரே பூஜ்யங்கள் கோழிமுட்டை அடுக்கின மாதிரி இருக்கும்.

பந்தயத்துக்கு வருகிறவர்கள் புரோகிராம் வாங்கி, ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் முடிவைத் தங்கள் கையாலேயே கட்டத்தில் எழுதிக்கொள்வது எங்கள் வழக்கம். 1959 முதல் மைதானம் மூடிய நாள்வரை தெல்மா எழுதி நிரப்பிய புரோகிராம்கள் பிஸ்கட் டின்களில் இருக்கின்றன. சேகரிப்பவர்களுக்கு எழுதாத புரோகிராம்தான் வேண்டும். தெல்மாவுக்கு அவர்களைக் கண்டால் சிரிப்பு. "எழுதாத புரோகிராமும் தின்னாத கேக்கும் ஒண்ணுதான். எதுக்குப் பொத்திப் பொத்தி வைக்கிறானுங்க?"

அவருக்கு இரண்டு சட்டம். ஒன்று, பேனா ஆகாது. "பேனா எடுக்கிறவனுக்கு மழையும் தெரியாது, பந்தயமும் தெரியாது." இரண்டாவது, வண்டி முடிவுக்கோட்டைத் தாண்டும்வரை எழுதக்கூடாது. எப்போதோ ஒரு முறை மால்கம் கடைசி வளைவிலேயே எழுதிவிட்டார் என்று இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை.

எங்களுக்குள் எந்தத் தகராறு வந்தாலும் தீர்ப்பு தெல்மாவின் டின்னில்தான். அடுத்த வாரம் அந்தப் புரோகிராமைக் கொண்டுவந்து, பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துக் காட்டிவிடுவார். ஒன்றே ஒன்றைத் தவிர. 1973 செப்டம்பரில் கார்ஃபோர்ட் அணியோடு நடந்த பந்தயம். கேட்டால், "அது மழையில நைஞ்சு போச்சுப்பா" என்பார். அன்று மழை இல்லை. நானும் அங்கே இருந்தேன். வாயெல்லாம் மண், மூக்கில் எஞ்சினுக்கு ஊற்றும் விளக்கெண்ணெய் எரிந்த வாசனை. ஆனால் ஊரெல்லாம் கடிதம் கொடுத்த தபால்காரன் நான். எதைக் கேட்பது, எதை விடுவது என்று தெரியாதா?

அந்தப் பந்தயத்தை விட்டால் எங்களுக்குப் பேச்சே இல்லை. அந்த வருடம் சொந்த மண்ணில் நாங்கள் தோற்கவே இல்லை. அன்று பன்னிரண்டு ஓட்டம் முடிந்து முப்பத்தாறுக்கு முப்பத்தாறு. கடைசி ஓட்டத்தில் எதிரணி வண்டி ஒன்று தொடக்கத்திலேயே படுத்துவிட்டது. எங்கள் கிளிஃப் முன்னால், கார்ஃபோர்ட்காரர் அடுத்து, எங்கள் இன்னொரு ஆள் மூன்றாவது. கடைசி வளைவில் கிளிஃபின் சங்கிலி அறுந்தது. மற்ற இருவரும் தாண்டிப் போய்விட்டார்கள். கிளிஃப் இறங்கி, அந்த வண்டியை முடிவுக்கோடுவரை தள்ளிக்கொண்டே வந்து ஒரு புள்ளி எடுத்தார். அந்த ஒன்றால்தான் சமன். அது இல்லாவிட்டால் தோல்வி.

போன மாதம் அந்தக் கிளிஃப் மால்கமுக்குப் போன் செய்தார். ஸ்காட்லாந்தில் மகளோடு இருக்கிறாராம், இந்தப் பக்கம் வருகிறாராம், அந்த நாள் புரோகிராமை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். அந்த மழைப் பேச்சை மறந்துபோய், தெல்மாவிடம் இல்லாததா என்று மால்கம் வாக்குக் கொடுத்துவிட்டார். அதை மேஜையில் சொன்னபோது தெல்மா தேநீரை அப்படியே கீழே வைத்தார். நைந்து போனது என்று அப்போது சொல்லவில்லை.

அடுத்த வியாழன் அவர் பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பென்சில் சுருள் மூன்று தடவை அறுந்தது. மால்கமைத் திட்டவில்லை. வந்த வரிசைக்குப் புள்ளியும் போடவில்லை. எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்தவன் நான். தெல்மா நோட்டைத் திறந்து எங்கள் பெயர்களோடு கிளிஃபின் பெயரையும் எழுதி, அப்படியே விட்டுவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

கிளிஃப் சக்கரம் வைத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இடுப்பு போய்விட்டதாம். கை கொடுக்கப் போன மகளைத் தடுத்து, "விடும்மா, தள்ளுறது எனக்குப் பழக்கம்தானே" என்றார். மேஜை முழுக்கச் சிரித்தது, தெல்மாவைத் தவிர.

அவர் டின்னைத் திறந்து புரோகிராமை எடுத்துக் கொடுத்தார். ஒரு பொட்டு ஈரம் பட்டதில்லை. கடைசிக் கட்டத்தில் கிளிஃபின் பெயருக்கு நேரே 1 என்று இருந்தது. அதற்கு அடியில், தாள் மெலிந்துபோகும் அளவுக்கு அழித்த இடத்தில், ஒரு 3 இன்னும் தெரிந்தது.

"மூணாவது சுத்துலேயே எழுதிட்டேன்," என்றார் தெல்மா. "எழுதி மூடிட்டு நிமிர்ந்தா, கடைசி வளைவுல நீங்க கீழ நிக்கிறீங்க. நான்தான் அந்தச் சங்கிலிய அறுத்துட்டேன்னு இத்தனை வருஷமா மனசுல கெடக்கு. சொன்னா இவங்க சிரிப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. மால்கம்கூட.

கிளிஃப் அந்தப் பக்கத்தை ஜன்னல் பக்கம் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "மெக்கானிக் மத்தியானமே சொன்னான், சங்கிலி தேஞ்சிருக்கு, மாத்துன்னு. ஒரு ஓட்டம் தாங்கும்டான்னேன். மூணாவது சுத்துல நானும் மனசுக்குள்ள மூணு போட்டாச்சு தெல்மா. நீங்களாவது அழிச்சு எழுதிட்டீங்க."

பிறகு மகளைக் கூப்பிட்டு அந்த 1-ஐக் காட்டினார். அப்பா வண்டி தள்ளிய கதையை அவள் பாதிதான் நம்பியிருந்தாளாம். குனிந்து பார்த்துவிட்டு, "நெசமாவே தள்ளியிருக்கியாப்பா" என்று அவர் தோளில் கை வைத்தாள். கிளிஃபின் முகம் மலர்ந்துபோனது. அதற்குப் பிறகு பன்றி இறைச்சி வைத்த ரொட்டி வந்தது, இரண்டு ஈடு தேநீர் வந்தது, செத்துப்போன நடுவர்களை எல்லாம் எழுப்பித் திட்டித் தீர்த்தோம். தெல்மா இரண்டு ரொட்டி தின்றார். ஒரே அமர்வில் அவர் அவ்வளவு தின்று நான் பார்த்ததில்லை.

கிளிஃப் கிளம்பும்போது மகள் காரை எடுக்க முன்னால் போய்விட்டாள். அவர் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு மெல்ல வாசலை நோக்கிப் போனார். மால்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தெல்மா "இருப்பா" என்றார். வாசலிலிருந்து கண்ணை எடுக்காமலே என் பக்கம் கையை நீட்டினார்.

"தபால்காரரே, பேனா இருக்கா?"

கொடுத்தேன். முன்சக்கரம் நிலைப்படியின் பித்தளைப் பட்டையில் தட்டி நின்று, பிறகு ஏறியது. தெல்மா காத்திருந்தார். பின்சக்கரமும் அந்தப் பட்டையைத் தாண்டி, கிளிஃபின் குதிகாலும் தாண்டிய பிறகுதான் நோட்டின்மேல் குனிந்து, அவர் பெயருக்கு நேரே, பேனாவால் 3 என்று எழுதினார்.