நான் அடைக்கச் சொன்ன துளைகள்

2006 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் பால் வாங்கி வந்தேன். முகம் மழித்தேன். வரைபலகையைத் துடைத்து, பென்சில்களைச் சீவி வரிசையாக வைத்தேன். அதன் பிறகு என் அக்காவிடம் ஓர் உண்மையைச் சொன்னேன். அதையே உங்களிடமும் சொல்கிறேன்.

ஏற்காட்டில் அந்தச் சுவரைக் கெடுத்தவன் நான். மேஸ்திரி ராயப்பன் அல்ல.

விருத்தாசலத்தில் வீடுகளுக்குப் பிளான் போடுவது என் தொழில். சமதளத்து ஆள். அக்காவும் மாமாவும் ஏற்காட்டில் ஒரு பழைய கல்வீட்டில் இருக்கிறார்கள். அதன் பின்புறம் நவீனமாக ஓர் அறை வேண்டும் என்றார் மாமா. சரிவை வெட்டித்தான் இடம் எடுக்க முடிந்தது. முன்னால் பழைய வீடு, பின்னால் மலை... வெளிச்சம் எங்கிருந்து வரும்?

அதற்கு நான் கண்டுபிடித்த வழியை நினைத்து எவ்வளவு கர்வப்பட்டேன்! அறையின் பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அடுத்து ஒரு சந்து. அதற்கப்பால், மலையைத் தாங்கும் சுவர். அந்தச் சுவர் முழுக்க எங்கள் ஊரின் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ். மேலிருந்து விழும் வெயில் அதில் பட்டு அறைக்குள் பாயும். பாய்ந்தது!

மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேற, அந்தச் சுவரில் குழாய்த் துளைகள் வைத்திருந்தோம். டைல்ஸ் ஒட்டியது கோடையில். துளைகளில் ஒரு சொட்டு ஈரமில்லை. மழை வந்தால் செம்மண் நீர் வடிந்து வெள்ளையில் கறை விழுமே என்றுதான் என் கவலையெல்லாம்.

"இதயும் அடச்சிடவா சார்?" என்றார், விருத்தாசலத்திலிருந்து நான் அழைத்துப் போயிருந்த ராயப்பன்.

"அடைச்சிடுங்க" என்றேன்.

அடுத்த மழையிலேயே சுவர் புடைத்து, டைல்ஸ் உதிர்ந்தது. மாமா எங்கள் இருவரையும் வரவழைத்தார். ராயப்பனின் ஆட்கள் முன்னாலேயே அவரை நிறுத்தி, கலவையில் சிமெண்டைக் குறைத்த திருடன் என்றார். "சார்தான் ஓட்டைய..." என்று ராயப்பன் என்னைப் பார்த்தார்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றேன்.

எப்படி வந்தது அந்த வாக்கியம்? இன்றுவரை எனக்கே தெரியவில்லை... மேலே பூசி, புது டைல்ஸ் ஒட்டி மறைத்தோம். துளைகள் அடைபட்டே இருந்தன. எங்கள் உறவில் ஒருவரும் அதன் பிறகு ராயப்பனுக்கு வேலை கொடுக்கவில்லை.

செவ்வாயன்று அக்கா போன் செய்தாள்.

"தம்பி, கவிதாவ பிரசவத்துக்கு அழச்சிட்டு வந்துட்டோம்டா. ஒன் ரூமுலதான் படுக்கப் போறா. நல்லா வெளிச்சமா இருக்குது."

"அங்க மழையாக்கா?"

"வுடாம ஊத்துது. அந்தச் செவுரு மறுபடியும் உப்பிக்கிட்டு நிக்குது. ராயப்பன் கட்டுன லட்சணம்!"

கவிதா அவள் ஒரே மகள். நிறைமாதம். கண்ணாடியை ஒட்டிக் கட்டில். எதிரே அந்தச் சுவர். அதன் பின்னால் நனைந்த மலை!

"அக்கா, அவள அங்க படுக்க வைக்காத! தண்ணி போற ஓட்டையெல்லாம் நான்தான் அடைக்கச் சொன்னேன். மேஸ்திரி சொன்னதுதான் நெசம்."



"அடப்பாவி... இத்தன நாளு வாயில கொழுக்கட்டையாடா வச்சிருந்த?" என்றாள். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினாள்: "கவிதா, எழுந்து பழைய வூட்டுக்கு வாடி! தலகாணி கெடக்கட்டும், நீ வா!"

மதியத்துக்குள் மறுபடி அழைத்தாள். மாமா ஆள்வைத்து, ஓரமாக நின்று ஒரு துளையைத் திறந்திருக்கிறார். "செம்மண்ணு தண்ணி பீச்சியடிக்குதுடா..." என்றாள். கவிதா பழைய வீட்டில் தூங்குகிறாளாம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அன்று வயிறாரச் சாப்பிட்டேன். எத்தனை மழைக்காலம் வானத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்! அந்தப் பயம் போய்விட்டது. மார்பு லேசாக இருந்தது. இப்படி லேசாக இருக்க எனக்கு உரிமை உண்டா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மாலையில் ராயப்பன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று எல்லாம் சொன்னேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"இத உங்க மாமாகிட்ட எம் முன்னாடி சொல்லுவீங்களா சார்?"

"அக்காகிட்ட போன்ல சொல்லிட்டேன் மேஸ்திரி."

"என்னைய திட்டுனது போன்ல இல்லீங்களே."

"நாளைக்குக் காலைல ஏற்காடு போறேன். நீங்களும் வாங்க" என்றேன்.

"பஸ் ஸ்டாண்டுக்கு வரேன்" என்று கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலை, வேறெதுவும் செய்யும் முன் பேருந்து நிலையம் போனேன். அவர் எனக்கு முன்பே வந்து நின்றார். சேலம் பேருந்தில் ஏறி, என் பக்கத்து இருக்கையைத் துடைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்து, தன் டிக்கெட்டைத் தானே வாங்கிக்கொண்டார்.