ஆன்றோவுக்கு உடையாத குரல்

முப்பத்தைந்து வயது வரை தொலைபேசியில் ஆன்றோவை யாரும் ஆண் என்று நினைத்ததில்லை. நேரில் அகன்ற தோளும் அடர்ந்த மீசையுமாக இருப்பான். வாயைத் திறந்தால் சின்னப் பையனின் குரல் வரும். மும்பை தாராவியில் அவனோடு படித்தவர்களுக்கெல்லாம் உரிய வயதில் குரல் உடைந்தது. அவனுக்கு உடையவில்லை.

அவன் அப்பா அமிர்தநாதன் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அவருக்கு. மகனுக்குப் பெண் பார்க்க மும்பையிலேயே சீத்தா கேம்ப்புக்குப் போனபோது, நீ வாயே திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கூட்டிப் போனார். ஆன்றோ ஒரு வார்த்தை பேசாமல் கேசரியைத் தின்றுவிட்டு வந்தான். அடக்கமான பையன் என்றார்கள் பெண் வீட்டார். நிச்சயத்துக்குப் பிறகு மணப்பெண் ஜெஸிக்கு மெசேஜ் மட்டும் அனுப்பினான்.

கல்யாணத்தன்றுதான் ஜெஸி அவன் பேசிக் கேட்டாள். இரவு தனியாக இருந்தபோது, தொண்டை கட்டியிருக்கிறதா என்று விசாரித்தாள். இதுதான் என் குரல் என்றான். ஃபேனைக் குறைக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. மறு வருடம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது தெருவில் சிலர் இவனுக்கா பிள்ளை என்று ஆச்சரியப்பட்டார்கள். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

செம்பூரில் ஒரு ஏ.சி. ரிப்பேர் கம்பெனியில் போனில் புகார் வாங்குவது அவன் வேலை. அழைப்பவர்கள் எல்லோரும் மேடம் என்றார்கள். முதலாளிக்கு அது வசதியாகப் போயிற்று. பெண் குரல் கேட்டால் ஜனங்கள் அடங்கிப் பேசுவார்கள் என்று கணக்குப் போட்டு, ரீனா என்று பேர் சொல்லச் சொன்னார். ஆன்றோ அப்படியே சொன்னான்.

விடாத இருமலுக்காக ஒரு நாள் சயானில் தொண்டை டாக்டரைப் பார்த்தான். குரல்வளையில் எந்தக் குறையும் இல்லை, சிறு வயதுப் பழக்கத்திலேயே குரல் நின்றுவிட்டது, பயிற்சியால் மாற்றிவிடலாம் என்றார் டாக்டர். சந்தோஷத்துக்கு முன்னால் அவனுக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் இதை ஒருவரும் சொல்லவில்லையே.

பயிற்சி அறைக்கு வெளியே பெஞ்சில் துப்பட்டா போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். யாருக்கோ துணைக்கு வந்தவள் என்று நினைத்தான். அவன் நர்ஸிடம் பேசியதைக் கேட்டு அவள் திரும்பினாள்.

“உங்களுக்கு நல்லா வந்திருச்சே. எத்தன மாசம் ஆச்சு?” என்றாள். அவள் குரல் கட்டையாக இருந்தது. பிறகு அவன் மீசையைப் பார்த்துவிட்டு, “வீட்டுக்குத் தெரியாம வர்றீங்களா?” என்று தணிந்து கேட்டாள்.

ஆன்றோவுக்கு முகம் சுட்டது. நான் அந்த மாதிரி இல்லை, ஆம்பளைக் குரலுக்காக வந்திருக்கிறேன் என்று சற்று வேகமாகவே சொன்னான். தப்பாக நினைத்துவிட்டேன் என்று அவள் மன்னிப்புக் கேட்டாள். அவள் பேர் அஃப்ஷா. பாண்டுப்பிலிருந்து வருகிறாள். வீட்டில் பையன் என்று வளர்த்தார்கள், இப்போது பெண்ணாக வாழ்கிறாள். குரல் மட்டும் இன்னும் ஒத்து வரவில்லை.

“எனக்கு எவ்வளவு பாடுபட்டாலும் வர மாட்டேங்குது. நீங்க அத வேண்டாங்குறீங்க,” என்றாள். அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உள்ளே போனான். குரலை வைத்துத் தெரு தன்னை மட்டமாக நினைத்தது போலத்தான் தானும் அவளை நினைத்தது என்பது திரும்பும்போது ரயிலில்தான் அவனுக்கு உறைத்தது.

சில வாரங்களில் குரல் இறங்கியது. அமிர்தநாதன் ஊரிலிருந்த சொந்தக்காரர்களையெல்லாம் போனில் கூப்பிட்டு மகனைப் பேச வைத்தார். டீக்கடையில் அவன் குரலைக் கேலி செய்வது நின்றது. ஆனால் கம்பெனியில், ஆண் குரல் என்றதும் வாடிக்கையாளர்கள் இந்தியில் வசவோடுதான் ஆரம்பித்தார்கள். அவனும் பதிலுக்குக் கத்தினான். முதலாளி அவனை குடோனுக்கு மாற்றினார்.

கத்துவது வீட்டுக்கும் வந்தது. மகள் தண்ணீரைக் கொட்டியதற்கு ஒரு சாயங்காலம் அவன் போட்ட சத்தத்தில் பிள்ளை ஜெஸியின் பின்னால் ஒளிந்துகொண்டது. தன் கையே தன்னை அறைந்தது போல அவன் நின்றான். பழைய குரலே நல்லதா என்று ஜெஸியிடம் கேட்டான்.

“எந்தக் கொரலுன்னாலும் சரி. எங்க அப்பா அதட்டி அதட்டித்தான் எங்கம்மா பேசாமலே போயிட்டா. நீங்க அதட்டாதிய,” என்றாள்.

இரண்டு குரலும் இப்போது அவனுக்கு வரும். அவனுக்குப் பதில் போனுக்கு வைத்த ஆள் வேலையை விட்டு நின்றதும் முதலாளி திரும்பக் கூப்பிட்டார். பழைய குரலில் பேசுகிறேன், ஆனால் ஆன்றோ என்றுதான் சொல்லுவேன் என்றான் இவன். முணுமுணுத்துவிட்டு அவர் ஒத்துக்கொண்டார். மேடம் என்பவர்களிடம் சார் என்று திருத்துகிறான். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் போனை வைத்துவிடுகிறார்கள்.

அமிர்தநாதனால்தான் தாங்க முடியவில்லை. “இப்பத்தான மனுசன் ஆன. மறுபடியும் எதுக்குல அந்தச் சத்தம்?”

“முன்னாலயும் மனுசன்தாம்ப்பா,” என்றான் ஆன்றோ.

அவர் டி.வி.யைப் போட்டுக்கொண்டார். தெருவில் யாராவது கேட்டால், கம்பெனியில் அப்படித்தான் பேசச் சொல்கிறார்கள் என்று சொல்லி வருகிறார்.