ஜெயபாய் டீச்சரின் ஏழு நாள் மௌனம்

ஜெயபாய் டீச்சர் அருமனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் அறிவியல் நடத்தினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் ஏசுஅடிமையின் வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி அதில் இருந்தாள். அண்ணனுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர். விடியுமுன் பால் வெட்டப் போவார், பத்து மணிக்குத் திரும்பி வந்து தங்கச்சி வீட்டில்தான் காப்பி குடிப்பார்.

ஒற்றைத் தலைவலிக்கு மருந்து தின்று அலுத்துப் போய்த்தான் டீச்சர் நாகர்கோவிலில் ஜென் தியானக் குழுவுக்குப் போகத் தொடங்கினாள். வங்கி வேலையில் ஓய்வுபெற்ற ஞானதாசன் தன் வீட்டு மாடியில் அதை நடத்தினார். ஞாயிறு காலை சுவரைப் பார்த்து ஒரு மணி நேரம் உட்காருவார்கள். பிறகு ஒரு மணி நேரம் பௌத்த சூத்திரம் படிப்பார்கள். தலைவலி போகவில்லை. ஆனால் படிப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலப் புத்தகங்களை வரவழைத்து, பாலி அகராதியைப் பக்கத்தில் வைத்து, வரிவரியாகத் தமிழில் எழுதிக் கொண்டுபோய் வாசிப்பாள். இரண்டு வருடத்தில் ஞானதாசனே சந்தேகத்தை அவளிடம் கேட்கும் நிலை வந்தது. அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

ஞாயிறு ஆராதனைக்கு வராதவளைச் சபை சும்மா விடுமா? கமிட்டிக்காரர் இரண்டு பேர் வீட்டுக்கே வந்தார்கள். ஏசுஅடிமைதான் எழுந்து பதில் சொன்னார்.

"அவ புத்தகம் படிக்கா. களவா எடுக்கா? போங்க, போய்ச் சோலியப் பாருங்க."

அவர்கள் போனபிறகு தங்கச்சியிடம் கேட்டார், "ஏட்டி, அதுல என்னதான் எழுதியிருக்கு?"

"பற்று விடணும்னு எழுதியிருக்கு."

"அது நம்ம வேதத்துலயும் உண்டே," என்று சிரித்துக்கொண்டு போனார்.

குழுவில் சேர்ந்த ஒன்பதாம் வருடம், டீச்சர் பள்ளியில் ஓய்வு பெற்ற மறு மாதம், மலையில் ஒரு எஸ்டேட் பங்களாவை எடுத்துக் குழு ஏழு நாள் மௌனப் பயிற்சி வைத்தது. போகுமுன் ஒரு படிவம். 'வீட்டில் அவசரம் என்றால் தகவல் சொல்ல வேண்டுமா?' மற்றவர்கள் எல்லாரும் 'ஆம்' என்று டிக் போட்டார்கள். டீச்சர் 'வேண்டாம்' என்று போட்டுக் கையெழுத்திட்டாள். ஞானதாசன் அதைப் பார்த்து மெச்சித் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் காலை ஏசுஅடிமை ரப்பர் மரத்தடியில் விழுந்தார். ஒரு பக்கம் கை கால் இழுத்துவிட்டது. அண்ணன் மனைவி, மைனி ரோஸ்லெட் ஆஸ்பத்திரியிலிருந்து ஞானதாசனுக்குப் போன் போட்டாள்.

"அவிய ஜெயாவத்தான் கேக்காவ. ஒருக்கா குடுங்க சார்."

"அவங்க வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்காங்கம்மா. முடியட்டும், நானே சொல்லுதேன்."

ஐந்தாம் நாள் அண்ணன் போய்விட்டார். இனி யாரும் அங்கே போன் போடக் கூடாது என்று ரோஸ்லெட் சொல்லிவிட்டாள். ஆறாம் நாள் அடக்கம்.

ஏழாம் நாள் மணியடித்து மௌனம் முடிந்ததும் ஞானதாசன் டீச்சரைத் தனியே அழைத்து, அண்ணனுக்குச் சுகமில்லை என்று போன் வந்ததாகச் சொன்னார். அவள் அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரி எடுத்தாள். "நேத்தே அடக்கம் முடிஞ்சாச்சே டீச்சர்."

ஊர் வந்து சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரோஸ்லெட் முற்றத்தில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மூன்று வாரம் கழித்து டீச்சர் நாகர்கோவிலுக்குப் போனாள். அன்றைய பாடமாக அவள் வாசித்தது பழைய ஒழுக்க நூலில் வரும் ஒரு சம்பவம். வயிற்றுப்போக்கில் தன் மலத்திலேயே கிடந்த ஒரு துறவியை மற்றவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. புத்தர் தன் கையால் அவரைக் கழுவித் தூக்கிக் கிடத்தினார். எனக்குச் செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்றார். நாலு வருடம் முன்பு இதே மாடியில் இதே பகுதியை அவள் நடத்தியிருக்கிறாள். அன்றைக்குச் சொற்களின் வேரைத்தான் விளக்கினாள்.

ஞானதாசன் தொண்டையைச் செருமினார். "உங்க துக்கம் புரியுது டீச்சர். ஆனா எழுத்தைப் பிடிச்சுத் தொங்கக் கூடாது. வேண்டாம்னு போட்டது நீங்கதானே?"

"நான்தான் போட்டேன். இல்லேன்னு சொல்லலியே. ஒன்பது வருஷம் வாசிச்சவளே தப்பாப் போட்ட டிக் அது. அடுத்த தடவை அந்தக் கேள்வியே படிவத்துல இருக்கப்பிடாது. தகவல் வந்தா சொல்லணும்."

"நம்ம குழுவுல பேசுவோம்."

மறு வருடப் படிவம் வாட்ஸ்அப்பில் வந்தது. கேள்வி அப்படியே இருந்தது. அவள் குழுவிலிருந்து விலகினாள்.

அண்ணனின் வருட நினைவு ஜெபத்தன்று டீச்சர் யாரும் கூப்பிடாமலேயே போய் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லாரும் போனபிறகு ரோஸ்லெட் வந்து நின்றாள். அந்த ஒரு வருடத்தில் அன்றுதான் டீச்சரிடம் வாய் திறந்தாள்.

"போன்ல குடுக்கலன்னதும் ரெண்டாம் தடவ ஆளையே அனுப்பி உன்னக் கூட்டிட்டு வரச் சொல்லலாம்னு நின்னேன். அவிய விடல. நாக்கு குழறிக்கிட்டே, 'விடு, அவ தியானத்துல இருக்கட்டும், கெடுத்துராத'ன்னாவ. அதுதான் எனக்கு ஆற மாட்டேங்கு."

"மைனி..."

"போ ஜெயா. ஒண்ணும் சொல்லாத."

டீச்சர் வீட்டுக்கு வந்தாள். இப்போதும் படிக்கிறாள், தனியாக. பற்றைப் பற்றி எழுதியிருக்கும் பக்கங்கள் வந்தால் மட்டும் புரட்டிவிடுகிறாள். காலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்க முடியவில்லை. அண்ணனின் ரப்பரைக் குலசேகரத்துக்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்.