முந்நூற்று அறுபத்தைந்து மணி நேரம்

பார்த்திபனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அவனுக்கும் சேர்த்து எனக்குத்தான் வரும். ஜவ்வாது மலைமேல் எங்கள் தொண்டு மருத்துவமனையில் நான் மருந்து கொடுக்கிறவன். அவன் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். ஒடுகத்தூர்க்காரன். ஒன்பது வருஷம் எனக்கு அடுத்த அறை. நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கும் சர்வரில், விலையில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் என்ற சிஸ்டத்தைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். மலையில் கரண்டு போகாத நாள் கிடையாது. அதற்காகவே சர்வருக்கு மட்டும் தனி பேட்டரி வைத்திருந்தான். கவுண்ட்டர் இருட்டிக் கிடந்தாலும் உள்ளே அவனுடைய மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

அவனைக் கெடுத்தது ஒரு வார்த்தை. அதைக் கவுண்ட்டருக்குக் கொண்டுவந்தவனும் அவனேதான். கரண்டு போனாலும், டவர் போனாலும், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும், சீட்டு போடும் ஜெயம்மாளிடம் ஜனங்கள் சண்டைக்கு நிற்பார்கள். பத்து கிலோமீட்டர் நடந்து வந்தவர்களுக்குக் கோபம் வராதா? ஒரு நாள் அந்தம்மா அழுததைப் பார்த்துவிட்டு, எது போனாலும் 'சர்வர் டவுன்' என்று சொல்லிவிடுங்கள், யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொடுத்தான். நன்றாகவே எடுபட்டது. சர்வர் என்றால் ஹோட்டலில் இலை போடுகிறவர் என்று நினைத்த ஒரு பெரியவர், "பாவம், அவருக்கு இன்னா ஒடம்புக்கு?" என்று விசாரித்துவிட்டு உட்கார்ந்தார். நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம். பிறகு டாக்டர் சாப்பிடப் போனால்கூட சர்வர் டவுன்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, பார்த்திபன் லீவில் இருந்த ஒரு நாள், ஓர் ஆய்வு நிறுவனத்திலிருந்து கவுண்ட்டருக்கு போன் வந்தது. உங்கள் சர்வரில் என்ன சிஸ்டம், அது எவ்வளவு நேரம் டவுன் ஆகிறது என்று கேட்டிருக்கிறார்கள். ஜெயம்மாள் லினக்ஸ் என்ற பெயரைச் சரியாகச் சொல்லி, தினமும் ஒரு மணி நேரம் டவுன் ஆகும் என்று பதிலும் சொல்லிவிட்டார். பொய்யில்லை, அவருக்குத் தெரிந்த டவுன் அது. போனில் கேட்ட மகராசி அதை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கிக்கொண்டாள். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆறு மாதம் கழித்து அறிக்கை வந்தது. எந்த சர்வர் சிஸ்டத்தை நம்பலாம் என்று நிபுணர்கள் ஒப்பிட்டு எழுதிய எண்பது பக்கம், கலர் கலராகப் படம். நடுவில் ஒரு கட்டம் கட்டி, வட தமிழ்நாட்டில் மலைமேல் உள்ள ஒரு தொண்டு மருத்துவமனையில் லினக்ஸ் சர்வர் ஆண்டுக்கு 365 மணி நேரம் செயலிழக்கிறது என்று போட்டிருந்தார்கள். அந்த நிபுணர்களில் ஒருவர்கூட மலையேறி வந்ததில்லை. கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில், ஆய்வுக்குப் பண உதவி செய்தவர்கள் என்று ஒரு கம்பெனியின் பெயர். சர்வர் சிஸ்டத்தை விலைக்கு விற்கிற கம்பெனி.

எங்கள் மேனேஜர் சிவசங்கர் கட்டத்தை மட்டும் படித்தார். பார்த்திபன் இதை இத்தனை நாள் தன்னிடம் மறைத்துவிட்டான் என்று நினைத்தார். பார்த்திபன் அவரைக் கூட்டிப்போய் மெஷினைக் காட்டினான். எத்தனை நாளாக ஓடுகிறது என்று அதுவே சொல்லும். அறுநூற்றுப் பதினோரு நாள், ஒரு முறைகூட நிற்கவில்லை.

"உங்க மெஷின் உங்களுக்குச் சாதகமாத்தான் சொல்லும் பார்த்திபன். அவ்ளோ பெரிய நிபுணருங்க பொய்யா எழுதுவாங்க?" என்றார் மேனேஜர்.

சர்வர் வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவது, பார்த்திபனை அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று.

அன்று சாயங்காலம்தான் ஜெயம்மாள் எங்களிடம் வந்து அந்த போன் விஷயத்தைச் சொன்னார். மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை அவருடையது. புருஷன் இல்லை. மகள் தமிழரசி திருப்பத்தூரில் நர்சிங் முதல் வருஷம். மருத்துவமனை விவரத்தை வெளியாருக்குச் சொன்னது தெரிந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள்.

"வேணாங்க்கா. அந்த வார்த்தைய சொல்லிக் குடுத்தவன் நானு. நீங்க வூட்டுக்குப் போங்க," என்றான் பார்த்திபன்.

நான் கத்தினேன். உண்மை தெரிந்தும் சும்மா இருக்கச் சொல்கிறாயா என்றேன். ஜெயம்மாள் வேலையில் இருக்கும்வரை வாய் திறக்கக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். போன மாதம் அவர் வேலையை விட்டார், அதனால் எழுதுகிறேன். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டுமானால், அந்தச் சத்தியம் எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

ராஜினாமா கடிதத்தை அவர்களே டைப் அடித்து வைத்திருந்தார்கள். சர்வர் அடிக்கடி செயலிழந்ததற்குப் பொறுப்பேற்று விலகுகிறேன் என்று இருந்தது. அதே வரி அனுபவச் சான்றிதழிலும் ஏறும். அதைப் பார்த்த எவரும் இனி ஒரு சர்வரை நம்பி அவனிடம் கொடுக்க மாட்டார்கள். அவனுக்கும் அது தெரியும். கவுண்ட்டர் பக்கத்தில் நின்றபடியே இரண்டு முறை படித்தான். ஜெயம்மாள் யாருக்கோ சீட்டு போட்டுக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. பார்த்திபன் என்னிடம் பேனா கேட்டான். நான் கொடுத்தேன்.