மீன் குழிக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் ரப்பர் தோட்டத்து மலையின் அடிவாரத்தில் ஒரு சேற்றுப் பள்ளம் இருந்தது. மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். தை, மாசியில் வற்றி, நடுவில் ஒரு குழி மட்டும் மிஞ்சும். அதில் விரல் நீளம்கூட இல்லாத, உடம்பில் சிவப்புக் கோடு போட்ட மீன்கள். குழம்புக்கும் ஆகாது என்று நாங்கள் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், யுனிவர்சிட்டி கெம்பஸில் பாடம் சொல்லிக்கொடுக்கிற சிங்கள சார் ஒருவர் தெஹியோவிட்ட பஸ்ஸில் வந்து இறங்கினார். இந்த மீன் வேறெங்கும் அதிகம் இல்லை, அழிந்துகொண்டு வருகிறது என்றார். கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற மீன் விற்கும் கொழும்புக் கடைகளுக்கு விற்க வலையோடு வருகிறவர்களை விடவேண்டாம் என்று சொல்லி, என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அய்யே, மே மாலு டிக பலாகன்ன" என்றார். அண்ணே, இந்த மீன்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். தோட்டத்து ஸ்டோரில் அசிட் ஊற்றி ரப்பர் பால் உறைய வைக்கிற மனிதரை அதுவரை படித்தவர் யாரும் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அதன்பிறகு வேலை விட்டால் பள்ளம்தான். வலைக்காரர்கள் வந்தால் மண்வெட்டியோடு போய் விரட்டுவார். "புள்ளைங்க காய்ச்சல்ல கெடந்தப்பகூட நீங்க இப்படிப் பாக்கலையே" என்று நான் சீண்டுவேன். சிரிப்பார்.

ஒரு வருடம் மாசி வெயில் கடுமையாக அடித்தது. குழி சுருங்கச் சுருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டோரில் காலியாகும் அசிட் கேன்களைக் கழுவி வீட்டில் தண்ணீர் பிடித்து வைப்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வழக்கம். அதில்தான் குளித்தோம், துணி துவைத்தோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டிலிருந்த கேன்கள் போதாமல், அன்றைக்குக் காலியானவற்றையும் எடுத்து, அவசரமாக அலசி, மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் நிரப்பிக் கொண்டுபோய்க் குழியில் ஊற்றினார்.

விடிந்து பார்த்தால் குழி முழுக்க மீன்கள் மல்லாந்து கிடந்தன. மனிதர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அதே வாரம் மழை கொட்டியது. அந்த மழையை நான் வாய்விட்டுத் திட்டினேன். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று லயத்தில் பேசினார்கள். மேய்கிற வேலி இப்படியா உட்கார்ந்து அழும்?

சார் திரும்பி வந்தபோது பள்ளம் நிறைந்திருந்தது. அவர் வலையில் ஒரு மீன்கூட ஏறவில்லை. வீட்டுக்காரர் எதையும் மறைக்காமல் சொன்னார். சார் கோபப்படவில்லை. குழி வருடாவருடம் வற்றும், மீன்களும் எப்படியோ தாக்குப்பிடித்துவிடும், ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலே போதும் என்றார் மெதுவாக.

அவர் பஸ் ஏறிய பிறகு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்னாவாம்? பாத்துக்கங்கன்னா நாம என்னான்னு நெனைப்போம்?"

வீட்டுக்காரர் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லியிருந்தாலும், அதுங்க துடிக்கிறதப் பாத்துக்கிட்டு என்னால சும்மா நின்னிருக்க முடியுமா?" என்றார்.