நாஸ்திகன் வீட்டுப் பிடி அரிசி

போன வாரம் கொட்டாரத்திலிருந்து நாகர்கோவில் போகிற பஸ்ஸில் ஒரு வாசகர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவரைக் கெஞ்சி இடம் மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பத்தி நன்றாக இருக்கிறது என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை. உடனே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, உங்களுக்குச் சாமி கெடயாது. செரி. பின்ன எங்க வேதம் பேசினாலும் அங்க போயி நீங்களும் இருந்து பேசுதியளே... மீன் கூட்டாதவனுக்கு மீன் சந்தையில என்ன சோலி?"

நல்ல கேள்வி. எனக்குக் கோபம்கூட வரவில்லை. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சுசீந்திரம் வந்துவிட்டது. மனிதர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். ஆகவே இந்த வாரம் அவருக்குத்தான். மற்றவர்கள் கூட இருந்து கேட்கலாம், ஆட்சேபமில்லை.

முதலில் என் வீட்டு நிலவரம். எனக்கு நம்பிக்கை கிடையாது. என் மனைவி ஞானப்பூவுக்கு இரண்டு பேருக்குப் போதுமான அளவு உண்டு. சாயங்கால ஜெபத்தில் ஊர், உலகம், மகாராஜா, மழை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக நான் வருவேன். இந்த வீட்டில் ஒரு மனுஷனுடைய கண்ணைத் திறந்தருளும் என்று உருகுவாள். நான் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நம்பாவிட்டாலும் கூட உட்கார வேண்டும் என்பது அவளுடைய சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவில் வரைக்கும் கூடப் போவேன். அவள் உள்ளே, நான் வெளியே பூவரசு மரத்தடியில். தனியாக இல்லை — அங்கே ஒரு தனிச் சபையே உண்டு. கள் இறக்கியதற்காக, அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்திலிருந்து விலக்கி வைக்கப்பட்ட பனையேறி ஒருவர். மனைவி கிறிஸ்தவள், தான் அய்யாவழி என்று, அந்த மார்க்கத்து வழக்கப்படி தலைப்பாகையோடு வந்து நிற்பவர் ஒருவர். முன்பு சபையை நடத்திவந்த உபதேசியாரோடு பேச்சு முற்றி, இனி இந்தப் படி மிதிக்க மாட்டேன் என்று சபதம் செய்தவர்கள் பலர். சண்டைக்குக் காரணம் மறந்துபோய் வெகுகாலமாகிவிட்டது. வைராக்கியம் மட்டும் மிச்சம். உள்ளே பிரசங்கம் நடக்கும். வெளியே அதைவிடச் சத்தமாக வேதாந்தம் நடக்கும். மெதுவாகப் பேசுங்கள் என்று அவ்வப்போது உள்ளேயிருந்து ஆள் வரும்.

இனி பிடி அரிசி. எங்கள் பக்கத்துச் சபைகளில் இது ஒரு வழக்கம். உலையில் அரிசி போடும்போதெல்லாம், அளந்து வைத்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து வீட்டுக்காரி தனிக் கலயத்தில் போட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கலயம் சர்ச்சுக்குப் போகும், பெட்டியில் கொட்டப்படும். விளக்கெண்ணெய், கூரைக்கு ஓடு, உபதேசியார் சம்பளத்தில் ஒரு பங்கு... எல்லாம் அதை விற்றுத்தான். யோசித்துப் பாருங்கள். கலியாணமான நாள் முதல் ஒவ்வொரு வேளையும் என் வட்டிலில் ஒரு கவளம் குறைந்துகொண்டே வருகிறது. அது எங்கே போகிறது என்று கேட்க எனக்கு உரிமை இல்லையா?

விவகாரம் ஒரு மணியில் தொடங்கியது. அடுத்த ஊர்ச் சபையார் பெரிய மணி ஒன்று வாங்கிவிட்டார்கள். அது அடித்தால் எங்கள் சின்ன மணியும் கேட்காது, எங்கள் உபதேசியார் பிரசங்கமும் எங்களுக்கே கேட்காது. எங்கள் கமிட்டி செக்ரட்டரி சத்தியநேசனால் இதைத் தாங்க முடியவில்லை. கொப்பரை வியாபாரி, எதிலும் ஒரு படி மேலே நிற்க வேண்டும் அவருக்கு. இந்த வருஷத்துப் பிடி அரிசி முழுவதையும் விற்று அதைவிடப் பெரிய மணி வாங்குவது என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

பெண்களுக்கு வேறு எண்ணம். தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தால், பிரசவம் பார்க்கப் படித்த நர்ஸ் ஒருத்தியை ஊரிலேயே இருத்துகிறோம் என்று மிஷன் ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். இடத்துக்குச் சர்ச்சின் பின்னால் ஓட்டுக் கட்டடம் ஒன்று சும்மா கிடக்கிறது. சாப்பாட்டுக்குப் பிடி அரிசி இருக்கிறது. வேறென்ன வேண்டும்? எங்கள் ஊருக்குள் பஸ் வராது; ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் போக அரை நாள் ஆகும். போன மழைக்காலத்தில் மேலத்தெருப் பெண் ஒருத்தியை வலியோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டி பாதி வழியிலேயே திரும்பி வந்தது. அதற்கு மேல் நான் எழுத வேண்டாம்.

எங்கள் எஸ்தர் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒரே மகள். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டாலே நான் வாசலுக்கு ஓடினேன்.

கமிட்டியில் பெண்கள் பேசுகிற வழக்கம் இல்லை. பின்னால் பாயில் உட்காரலாம், கேட்கலாம், முடிவில் ஆமென் சொல்லலாம். ஆகவே ஞானப்பூ என்னிடம் வந்தாள்.

"இஞ்ச கேட்டியளா... கமிட்டியில நீங்க பேசணும்."

எனக்குச் சாமியே கிடையாதே, நான் போய் அங்கே என்ன பேச என்றேன்.

"சாமிக்க காரியத்த நான் பாத்துக்கிடுதேன். நீங்க நர்ஸுக்க காரியத்தப் பேசுங்க."

போனேன். வேதத்தை வைத்தே பேசினேன். ஆச்சரியப்படாதீர்கள் — நம்புகிறவருக்கு வேதத்தை வாசிக்க என்ன அவசரம்? பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியமே போதும். என்னைப் போன்றவன்தான் மறுத்துப் பேசுவதற்காக எழுத்தெண்ணிப் படித்து வைத்திருக்கிறான். விதவை, அநாதை, பிள்ளைத்தாய்ச்சி என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். பாயில் இருந்த பெண்கள் முறை தெரியாமல் நடுவிலேயே ஆமென் சொல்லிவிட்டார்கள். சத்தியநேசன் எழுந்தார்.

"ஓய், சாமி இல்லேம்பீரு. பின்ன சாமிக்குக் குடுத்த அரிசியப் பத்திப் பேச உமக்கென்ன பாத்தியத?"

சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்குத் தர்க்கம் நன்றாக வரும், புத்திதான் வராது. நாஸ்திகன் வாய் ஆகாது என்றால் நாஸ்திகன் வயலில் விளைந்த அரிசி மட்டும் ஆகுமா என்று கேட்டுவிட்டேன். ஏதோ மடக்கிவிட்ட நினைப்பில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

உபதேசியார் மாசிலாமணி நேர்மையான மனிதர். அவரிடம் அதுதான் கஷ்டம். கண்ணை மூடி யோசித்தார். இவர் கேட்பது நியாயம்தான் என்றார். இனிமேல், குடும்பத் தலைவர் திருவிருந்து எடுக்காத வீட்டிலிருந்து பிடி அரிசி வாங்குவதில்லை என்று அங்கேயே தீர்மானமாயிற்று. மணியும் பாஸ். நர்ஸ் பேச்சை யாரும் எடுக்கவே இல்லை. ஜெபம் பண்ணிக் கலைந்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் அயிலை மீன் குழம்பு மணக்கிறது. என் வட்டிலுக்கு வந்தது ரசம்.

"நர்ஸக் கேக்கப் போன மனுஷன் கலயத்தையும் கவுத்திட்டு வந்திருக்கிய."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அழுதுவிட்டாள். எஸ்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரத்தில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தாள். எனக்கு என்னையே அடிக்க வேண்டும் போலிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் அதோடு போயிற்று... இங்கே என் மகளல்லவா மாட்டிக்கொண்டாள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் வாசலில் பெட்டியருகில் நின்றுகொண்டார். கலயங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வி — உன் வீட்டுக்காரர் திருவிருந்து எடுக்கிறாரா? கோவில் வாசலில் நின்றுகொண்டு எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பொய் வராது. பனையேறியின் மனைவி இல்லை என்றாள், கலயத்தோடு திரும்பினாள். அய்யாவழிக்காரர் மனைவி கேள்விக்கு முன்பே திரும்பிவிட்டாள். பிறகு வைராக்கியக்காரர்களின் மனைவிமார், ஒருவர் பின் ஒருவராக. மரத்தடியில் நாங்கள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினோம். நிறைந்த கலயங்கள் எங்களைத் தாண்டித் தெருவுக்குப் போய்க்கொண்டேயிருந்தன. இத்தனை காலமும் அந்தச் சர்ச்சில் விளக்கெரிந்தது யாருடைய அரிசியில் என்று எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது.

கடைசியில் சத்தியநேசன் மனைவி வந்தாள். உபதேசியார் கேள்வியே கேட்காமல் பெட்டியைக் கையால் காட்டினார். அவள் கொட்டவில்லை.

"அவியளும் எடுக்கதில்ல ஐயா" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "தம்பிகூட வரப்பு வழக்கு நடக்குல்லா... பகையோட எடுக்கப்பிடாதுன்னு, அது தீரட்டும்னு இருக்காவ. திருவிருந்து நேரத்துல மணிக்கயிறு பாக்கணும்னு வெளிய போயிருவாவ."

செக்ரட்டரியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. தலைப்பாகைக்காரர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு என் கையைப் பிடித்து நசுக்கினார்.

பெட்டியில் சேர்ந்தது உபதேசியார் வீட்டு அரிசியும் சில விதவைகளின் அரிசியும், திருவிருந்து எடுக்கிற இரண்டொரு வீட்டு அரிசியும்தான். அடிப்பலகைகூட மறையவில்லை. அதில் மணி எங்கே வாங்குவது? மணிக்குக் கயிறு வாங்கலாமா என்பதே சந்தேகம்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஞானப்பூ ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. நேற்றுச் சாயங்காலம் வீடு வீடாகப் போனாயே, என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"நான் ஒண்ணுஞ் சொல்லல்ல. உபதேசியாரு கேட்டா உள்ளதச் சொல்லுங்கன்னு மட்டுந்தான் சொன்னேன்."

அன்று மத்தியானம் திருப்பியனுப்பப்பட்ட கலயங்களெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தன. பெரிய பானை நிறைந்து, அண்டாவும் நிறைந்தது. நர்ஸ் சாப்பாட்டுக்கு என்று ஞானப்பூ மூடி வைத்தாள்.

புதன்கிழமை உபதேசியார் வந்தார். முற்றத்தில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தீர்மானத்தை மறுபடி யோசிக்க வேண்டும், மரத்தடி ஆட்கள் எல்லாரும் உள்ளே வந்து இருந்து பேச வேண்டும் என்றார். போனோம். பெஞ்சு போதவில்லை. இந்தப் படி மிதிக்க மாட்டேன் என்றவர்கள் பக்கவாசல் வழியாக வந்து சபதத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். விளக்கேற்றும் நேரம் வரைக்கும் விவாதம். பிரசவ வலி எடுத்தால் மணியையா தூக்கிக் கட்டிலில் போடப் போகிறீர்கள் என்று தலைப்பாகைக்காரர் கேட்டார். கடைசியில் நர்ஸை அழைப்போம் என்று எழுந்து சொன்னது யார் என்கிறீர்கள்? சத்தியநேசன்தான். அவருடைய மருமகளும் முழுகாமல் இருந்தாள்.

ஆக, பஸ் நண்பரே... சாமி உண்டா இல்லையா என்கிற கேள்வி எவ்வளவு காலம் வேண்டுமானாலும் காத்துக் கிடக்கும். அதற்கொன்றும் அவசரமில்லை. ஆனால் உண்டு என்கிறவர்கள் ஒரு அறைக்குள் உட்கார்ந்து எடுக்கிற முடிவு, இல்லை என்கிறவன் வீட்டு அடுக்களைக்கும் பேறுகால அறைக்கும் வந்துவிடுகிறதே. அப்புறம் அவன் எப்படி வெளியே மரத்தடியில் நிற்பான்?

நர்ஸ் கறுப்புப் பையோடு வந்து இறங்கிய மறுவாரமே எஸ்தருக்கு வலி கண்டுவிட்டது. மத்தியானம், மழை கொட்டுகிறது, தெருவில் முழங்கால் தண்ணீர். எந்த வண்டியும் கிளம்பியிருக்க முடியாது. உள்ளே நர்ஸ் ஏதோ அதட்டுகிறாள், ஞானப்பூ ஜெபிக்கிறாள், எஸ்தர் அலறுகிறாள். வெளியே நான் நடக்கிறேன். பயந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பிறகு ஒரு புதுக்குரல். பேத்தி.

கதவு திறந்தது. ஞானப்பூவின் முகமெல்லாம் வியர்வையும் கண்ணீரும். மகள் சுகம் என்று தலையாட்டினாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றாள். நானும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனாலும் பழக்கதோஷம் விடுமா? நர்ஸுக்கும் ஒரு ஸ்தோத்திரம் என்றேன்.

"ரெண்டு பேருக்கும் நான் சொல்லியாச்சு. நீங்க போயி வெந்நி எடுத்துட்டு வாங்க."

எடுத்துக்கொண்டு ஓடினேன். மதத்தில் நாஸ்திகனுக்கு என்ன வேலை என்று இன்னும் யாராவது கேட்டால் சொல்லிவிடுங்கள் — வெந்நீர் சுமக்கிற வேலை.